ரயில் விபத்தும் நஷ்டஈடும்: நாம் தவறவிடும் இரண்டு வருடங்கள்

கொழும்பிலிருந்து வரும் மலையக ரயில் பாதை 1924 ஏப்ரல் 5ஆம் திகதி பதுளையை வந்தடைந்தது. நூறு வருடங்களைத் தாண்டிவிட்ட இந்தப் பாதையை இன்று உலகம் அறிந்திருப்பது எல்லயில் எடுக்கப்படும் வீடியோக்கள் மூலமாகத்தான். 2025ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில், ரயில் கதவில் தொங்கியபடி பயணித்த வெளிநாட்டுப் பெண்கள் இருவர் உயிரிழந்தபோது அது சர்வதேசச் செய்தியானது.

அதே ரயிலில் அன்றாடம் போய்வருகின்ற எமது மக்களைப் பற்றி யாரும் வீடியோ எடுப்பதில்லை. இதல்கஸ்ஹின்னவிலிருந்து பாடசாலைக்கு வரும் பிள்ளைகள், பண்டாரவளைக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்கள், பதுளை வைத்தியசாலைக்குக் கிளினிக் போகும் தோட்டத்து முதியவர்கள், மரக்கறி மூட்டையோடு ஏறும் வியாபாரிகள். இவர்களைத் தவிர, ரயிலிலேயே ஏறாமல் தண்டவாளத்தில் நடந்து போகின்றவர்களும் இருக்கிறார்கள். லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு வீதியால் போனால் ஒரு மணித்தியாலம், சிலிப்பர் கட்டை வழியே போனால் கால் மணித்தியாலம் என்றால் மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? இவர்களில் ஒருவருக்குக் கால் போனால் அது செய்தியல்ல. மஸ்ஜிதிலோ கோயிலிலோ சிறு வசூல் நடக்கும். பிறகு அந்தக் குடும்பம் தன் பாட்டில் கஷ்டப்படும்.

நான் சட்டத்தரணி அல்ல, ஆசிரியர். ஆனால் ஊவாவின் தோட்டப்புறத்தில் ஆசிரியராக இருப்பதென்றால் பாடம் நடத்துவதோடு வேலை முடிவதில்லை. பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் பெயர் பிழைத்தாலும், பொலிஸிலிருந்து கடிதம் வந்தாலும், முதலில் தேடி வருவது ஆசிரியரைத்தான். கலாசாலையில் எங்களுக்குக் கற்பித்தல் முறை சொல்லித் தந்தார்கள். மனு எழுதச் சொல்லித் தரவில்லை. அதை இந்த மக்கள் சொல்லித் தந்தார்கள். அப்படிப் பல வருடங்களாக எழுதிக் கொடுத்து, சட்டத்தரணிகளிடம் கூட்டிக்கொண்டு போய்த் தெரிந்துகொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரும் ஊரும் வேண்டாம். என்னிடம் படித்த ஒரு மாணவியின் தந்தை, துணிக்கடையொன்றில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வரும்போது, நகரத் தொடங்கிய ரயிலில் ஏறப் போய் விழுந்து ஒரு காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். மனைவியும் உறவினர்களும் ஆறு மாதம் வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்தார்கள். பிறகு செயற்கைக் கால். பிறகு மூத்த மகனின் படிப்பு நின்றது. மூன்று வருடங்கள் கழிந்த பிறகு, யாரோ ஒருவர் "இதற்கு நஷ்டஈடு எடுக்கலாமே" என்று சொல்ல, மனைவி என்னைத் தேடி வந்தார். ஒரு சட்டத்தரணியிடம் போனோம். அவர் மருத்துவ அட்டையில் இருந்த திகதியைப் பார்த்துவிட்டுக் கடதாசிக் கட்டைத் திருப்பித் தந்தார். "வழக்குக்கு இடமிருந்திருக்கலாம், காலம் போய்விட்டது" என்றார்.

வழக்கு வெல்லுமா தோற்குமா என்பது வேறு கதை. இவர்களுக்கு நீதிமன்ற வாசற்படி கூட மிஞ்சவில்லை. நான் கண்ட அளவில் எமது மக்களின் ரயில் விபத்து விவகாரங்கள் நீதிமன்றத்தில் தோற்பதில்லை. அங்கு போகுமுன்பே, ஒரு திகதியாலோ, எடுக்கத் தவறிய ஒரு கடதாசியாலோ முடிந்துவிடுகின்றன.

அரசாங்கத்தின் மீது வழக்குப் போடலாமா?

"ரயில் அரசாங்கத்தினுடையது, அரசாங்கத்திடம் யார் கேட்பது?" என்பதே எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. ஒரு காலத்தில் இந்தக் கேள்வி சரியானதுதான். அரச ஊழியரின் கவலையீனத்தால் ஒருவர் காயப்பட்டால், அதற்காக அரசையே பொறுப்பாக்கி நஷ்டஈடு கேட்க முன்னர் வழியிருக்கவில்லை. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அந்த நிலையை மாற்றியது. ஊழியர் செய்த பிழைக்கு ஒரு கம்பனி பொறுப்பாவதைப் போலவே, தன் ஊழியர் கடமையின்போது செய்யும் கவலையீனத்துக்கு அரசும் பொறுப்பாகும். ரயில்வே என்பது ஓர் அரச திணைக்களம். ஆகவே வழக்கு, அரசின் சார்பில் சட்டமா அதிபரைப் பிரதிவாதியாகப் பெயரிட்டு மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப்படும். கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. சம்பவம் நடந்த இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடரலாம். ஊவாவில் நடந்ததற்குப் பதுளையோ பண்டாரவளையோ போதும்.

ஆனால் நமது நாட்டில் இந்த நஷ்டஈடு தானாக வருவதில்லை. விபத்து நடந்தது, காயம் ஏற்பட்டது என்பது மட்டும் போதாது. உரோம-டச்சுச் சட்டத்தின் வழியில் வந்த எமது சட்டம் "யாருடைய தவறு?" என்று கேட்கும். சமிக்ஞை காட்டியவர், சாரதி, கார்ட், கடவைக் காவலாளி ஆகியோரில் ஒருவர் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்றோ, பெட்டியின் கதவோ மேடையோ பாதையோ உரிய நிலையில் இருக்கவில்லை என்றோ காட்டவேண்டியது காயப்பட்டவரின் பொறுப்பு.

இரண்டு ரயில்கள் மோதினாலோ, பெட்டி தடம் புரண்டாலோ பயணிக்கு இது அவ்வளவு சிரமமில்லை. உட்கார்ந்திருந்தவர் மீது எவரும் பிழை சொல்ல முடியாது. 2011 செப்டெம்பரில் அலவ்வவிலும் 2014 ஏப்ரலில் பொத்துஹெரவிலும் ரயில்கள் மோதிக்கொண்டமை அப்படிப்பட்டவை. மலையகப் பாதையில் அதிகம் நடப்பது அதுவல்ல. ஏறும்போதோ இறங்கும்போதோ விழுவது, சன நெரிசலில் படியிலிருந்து தள்ளுப்படுவது, பாதுகாப்பற்ற கடவையில் ஆட்டோ அடிபடுவது, தண்டவாளத்தில் நடந்தவர் அடிபடுவது ஆகியவைதான் அதிகம்.

படியில் நின்றவருக்கு ஒன்றுமே கிடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. காயப்பட்டவரிலும் ஒரு பங்கு தவறு இருந்தால், 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டத்தின்படி அந்தப் பங்குக்கு ஏற்ப நஷ்டஈடு குறையும். கோரிக்கை முழுவதும் அழிந்துவிடாது. பெட்டிக்குள் கால் வைக்க இடமில்லாததால் படியில் நின்ற மாணவனும், செல்பி எடுக்கத் தொங்கியவரும் நீதிபதியின் கண்ணில் ஒன்றல்ல.

தண்டவாளத்தில் நடந்தவரின் நிலை மிகக் கடினமானது. 1902ஆம் ஆண்டின் ரயில்வே கட்டளைச் சட்டத்தின்படி அனுமதியின்றிப் பாதையில் நடப்பதே குற்றம். அந்த இடத்தில் மக்கள் காலங்காலமாகக் கடக்கிறார்கள், அது திணைக்களத்துக்கும் தெரியும், வளைவில் ஹோர்ன் அடிக்கவில்லை என்பன போன்றவற்றை ஒரு திறமையான சட்டத்தரணி முன்வைக்கலாம். ஆனால் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த வழக்கை நம்பி நடக்காதீர்கள். தெமோதரைப் பக்க வளைவுகளிலும் சுரங்கங்களிலும் ரயில் கண்ணில் படுவதற்கும் கிட்ட வருவதற்கும் இடையில் ஒதுங்கக்கூட நேரம் போதாது.

கடவையில் ரயிலோடு மோதிய பஸ்ஸிலோ ஆட்டோவிலோ இருந்த பயணிக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. வாகனச் சாரதியின் தவறு என்றால் அந்த வாகனத்தின் மூன்றாந் தரப்புக் காப்புறுதி. வாகன இலக்கத்தையும் காப்புறுதி அட்டையையும் அன்றைக்கே படமெடுத்து வைப்பது நல்லது. வழக்குப் பற்றிக் காப்புறுதிக் கம்பனிக்கு முறைப்படி அறிவிக்க வேண்டிய தேவையும் இருப்பதால், இதைச் சட்டத்தரணியிடம் ஆரம்பத்திலேயே சொல்ல வேண்டும்.

காலக்கெடு

காயம், நட்டம் ஆகியவற்றுக்கான வழக்கு, சம்பவம் நடந்து இரண்டு வருடங்களுக்குள் தாக்கல் செய்யப்பட வேண்டும். இது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு. நூற்றைம்பது வருடத்துக்கு மேல் பழைய சட்டம், இன்றும் அமுலில் இருக்கிறது. என் மாணவியின் குடும்பத்தை மூடிய கதவு இதுதான்.

அரசின் மீதான வழக்கில் இன்னொரு படியும் உண்டு. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 461ஆம் பிரிவின்படி, வழக்குத் தாக்கல் செய்வதற்கு ஒரு மாதம் முன்னதாக எழுத்துமூல அறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். அதில் என்ன காரணத்துக்காக, யார், என்ன நிவாரணம் கேட்கிறார் என்பது இருக்க வேண்டும். கொழும்பு 12, புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்கு அது போய்ச் சேர்ந்து, ஒரு மாதம் முடிந்த பிறகே வழக்கு.

இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம். ஒருவர் 2025 மார்ச் 10ஆம் திகதி காயப்பட்டார் என்று வையுங்கள். 2027 மார்ச் 10க்கு முன் வழக்குத் தாக்கலாகியிருக்க வேண்டும். அதற்கு 2027 பெப்ரவரி தொடங்கும் முன்பே அறிவித்தல் கையளிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகவே கையிலிருப்பது இருபத்து நான்கு மாதமல்ல, இருபத்து மூன்றுக்கும் குறைவு. கடைசி வாரத்தில் சட்டத்தரணியிடம் ஓடினால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த ஒரு மாதத்தை உருவாக்க முடியாது.

"ரயில்வே விசாரணை நடக்கிறது, முடியட்டும்" என்று காத்திருப்பவர்கள் பலர். திணைக்கள விசாரணை நடப்பதால் இந்த இரண்டு வருடம் நீளாது. பொலிஸ் வழக்கு நடப்பதாலும் நீளாது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் காலக்கெடுவில் சட்டம் சலுகை தருகிறது. என்றாலும் சாட்சிகளின் ஞாபகத்துக்கு அந்தச் சலுகை கிடையாது.

அடிப்படை உரிமை மீறல் மனு என்று சிலர் பேசுவார்கள். அது உயர் நீதிமன்றத்தில், ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டியது. சாதாரண கவலையீன விபத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தாது.

முதல் வாரத்தின் கடதாசிகள்

ரயில் டிக்கெட்டை நாம் நிலைய வாசலில் கொடுத்துவிடுவோம், அல்லது கசக்கி எறிவோம். விபத்துக்குப் பிறகு அது பயணி என்பதற்கான முதல் அத்தாட்சி. காயப்பட்டவரின் சட்டைப் பையில் இருந்தால் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். சீசன் டிக்கெட்டாக இருந்தால் படமெடுங்கள். வைத்தியசாலையில் இரத்தக் கறை படிந்த உடுப்பை வீசும்போது டிக்கெட்டையும் சேர்த்து வீசிய குடும்பம் எனக்குத் தெரியும்.

அடுத்தது பொலிஸ் முறைப்பாடு. நிலைய அதிபரிடம் சொல்லிவிட்டோம், கார்ட் எழுதிக்கொண்டார் என்பது போதாது. சம்பவம் நடந்த பிரதேசத்துப் பொலிஸில் வாக்குமூலம் பதிவாக வேண்டும். பதிவின் இலக்கத்தையும் திகதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் அதன் உண்மைப்பிரதி தேவைப்படும். பொலிஸ் முறைப்பாடு இருந்தால்தான் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் அறிக்கையும் ஒழுங்காக நடக்கும்.

இங்கே ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஊவா முஸ்லிம்கள் சிங்களம் சரளமாகப் பேசுவோம். கடையில் பேசுவோம், பஸ்ஸில் பேசுவோம், சண்டைகூடப் பிடிப்போம். ஆனால் வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? தமிழ்மொழிப் பாடசாலையில் படித்த எம்மில் பெரும்பாலானோர் பொலிஸ் புத்தகத்தில் எழுதியிருப்பதை வாசிக்காமலேயே கையொப்பமிடுகிறோம். தோட்ட மக்களின் நிலை இதைவிட மோசம். ஒரு வாக்குமூலத்தில் "பென்னா" என்று எழுதியிருந்தது. பாய்ந்தார் என்று அர்த்தம். அந்த இளைஞர் சொன்னதோ தான் விழுந்ததாக. அதற்குச் சொல் "வெட்டுணா". ஓடுகிற ரயிலிலிருந்து பாய்ந்தவருக்கும், தள்ளுப்பட்டு விழுந்தவருக்கும் இடையிலுள்ள தூரம்தான் முழு வழக்குமே. எழுதியவர் வேண்டுமென்று எழுதினார் என்று நான் சொல்லவில்லை. அவசரத்தில், மூன்றாவது ஆள் மொழிபெயர்த்துச் சொன்னதை அவர் எழுதியிருக்கலாம். அதற்குக் கீழே கையொப்பம் அந்த இளைஞருடையது.

தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் தருகிறது. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதக் கேளுங்கள். தமிழில் எழுதக்கூடியவர் அங்கு இல்லையென்றால், எழுதியதை வாசித்து விளங்கப்படுத்தும்படி கேளுங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரை, ஒரு மாணவனையாவது, கூட்டிக்கொண்டு போங்கள். பிழையிருந்தால் கையொப்பத்துக்கு முன்பே திருத்தச் சொல்லுங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல.

வைத்தியசாலையில் முதல் நாள் எழுதப்படும் குறிப்பும் இதே போன்றதுதான். "எப்படி நடந்தது?" என்று கேட்கும்போது பக்கத்தில் நிற்பவர் தெரியாமல் எதையாவது சொல்லிவிடுவார். அது பெட் ஹெட் டிக்கெட்டில் ஏறிவிடும். தெரியாததைத் தெரியாது என்று சொல்வதே நல்லது. டிஸ்சார்ஜ் ஆகும்போது தரும் அட்டை, எக்ஸ்ரே, மருந்துக் கடை பில், வேன் கூலி எழுதிய துண்டு எல்லாவற்றையும் ஒரே பைலில் போடுங்கள்.

வருமானத்தைக் காட்டுவதும் எமது பக்கத்தில் பெரிய பிரச்சினை. தோட்டத் தொழிலாளிக்குச் செக்ரோலும் சம்பளத் துண்டும் இருக்கின்றன. அவற்றில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள். இல்லையென்றால் கிராம சேவகர் மூலமாக இப்போதே சரிசெய்யத் தொடங்குங்கள். நமது வியாபாரிகள் பலருக்கு எந்தக் கணக்கும் கிடையாது. நடைபாதையில் சாமான் விற்பவர் நாளுக்கு ஐயாயிரம் உழைத்தேன் என்றால் நீதிமன்றம் எதைக் கொண்டு நம்பும்? வங்கிப் புத்தகம், மொத்தக் கடையில் சரக்கெடுத்த பில், பிரதேச சபை இடவாடகைத் துண்டு என்று கிடைப்பதைச் சேர்க்க வேண்டும்.

ரயில்வேயிடம் இருக்கும் ஆவணங்களைப் பெற, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். அன்றைய ரயிலின் கார்ட் அறிக்கை, விபத்து விசாரணை அறிக்கை என்று குறிப்பாகக் கேட்டு எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

ஜனாஸாவும் மரண விசாரணையும்

விபத்தில் ஒருவர் வபாத்தானால், ஜனாஸாவைச் சீக்கிரம் அடக்க வேண்டும் என்பதே எமது முதல் எண்ணம். அது இயல்பானது, மார்க்கமும் அதைத்தான் விரும்புகிறது. அந்த அவசரத்தில், உடற்கூற்றுப் பரிசோதனை இல்லாமல் மையித்தை எடுக்க முடியுமா என்று செல்வாக்குள்ளவர்களிடம் போன் போடத் தொடங்கிவிடுகிறோம். மஸ்ஜித் நிர்வாகத்தினர் இதில் முன்னுக்கு நிற்பதையும் பார்க்கிறோம், நல்ல எண்ணத்தில்தான்.

ஆனால் திடீர் மரண விசாரணை அதிகாரியின் விசாரணையும், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும்தான் மரணத்தின் காரணத்தைச் சட்டத்தின் முன் நிலைநாட்டுகின்றன. உழைத்துக் கொடுத்தவரை இழந்த மனைவியும் பிள்ளைகளும், இழந்த ஜீவனாம்சத்துக்காக நஷ்டஈடு கேட்க எமது சட்டத்தில் உரிமை உண்டு. அந்த விதவை பின்னொரு நாள் அதைக் கேட்கும்போது, கையில் இருக்க வேண்டியது இந்த இரண்டு கடதாசிகளும்தான். பரிசோதனை தேவையா என்பதை உரிய அதிகாரி தீர்மானிக்கட்டும். விரைவாகச் செய்து தாருங்கள் என்று கேட்பது நியாயம். செய்யவே வேண்டாம் என்று வற்புறுத்துவது அந்த யதீம்களின் கையிலிருந்து ஒன்றைப் பறிப்பது. மரண விசாரணையில் குடும்பத்தவர் கொடுக்கும் சாட்சியத்தையும் யோசித்துக் கொடுக்க வேண்டும். "யார் மீதும் சந்தேகமில்லை, இது அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். கத்ரை நம்புவதும், ரயில் நகர்ந்தபோது கொடி காட்டப்பட்டதா என்று கேட்பதும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

இன்னொன்று, நிக்காஹ் பதிவு. பதிவு இல்லாததால் மட்டும் முஸ்லிம் திருமணம் செல்லுபடியற்றதாகிவிடாது என்று 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் சொல்கிறது. ஆனால் பதிவில்லாத மனைவி, தான் மனைவி என்று நிரூபிக்கவே ஒரு வருடம் அலைய வேண்டி வரும். அவளுக்கு இருப்பது இரண்டு வருடம்தான்.

முதலாளிமாருக்கு

தவறை நிரூபிக்கும் சுமை இல்லாத வழியொன்றும் இருக்கிறது. வேலை செய்யும்போது ஏற்படும் விபத்துக் காயத்துக்குத் தொழில் வழங்குநர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்பது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நஷ்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் செய்யப்பட்ட திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும் நடக்கும் விபத்துகளையும் இதற்குள் கொண்டுவந்தது. உச்சத் தொகையும் ஐந்தரை இலட்சத்திலிருந்து 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. பண்டாரவளைக் கடையில் வேலை முடிந்து ரயிலில் வீடு திரும்பும் பையனும், கொழும்புச் சரக்கை எடுக்க இரவு ரயிலில் அனுப்பப்பட்டவரும் இதற்குள் வரலாம்.

இதை வாசிப்பவர்களில் கடை வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். வேலையாள் காயப்பட்டால் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, இருபத்தையாயிரமோ ஐம்பதினாயிரமோ கொடுத்து, துஆ கேட்டுவிட்டு வருகிறீர்கள். அந்த நல்ல மனதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவருக்குச் சேர வேண்டிய உரிமையை ஸதகாவாகக் கொடுக்க முடியாது. ஸகாத் பணத்தில் அதைக் கழிப்பது அதைவிடப் பிழை. அவரை வேலையாள் என்று காட்டும் சம்பளப் பதிவும், ஈ.பி.எப். பதிவும் வைத்திருங்கள். இந்தப் பொறுப்புக்குக் காப்புறுதி எடுக்கலாம்; எடுத்திருந்தால் உங்கள் கடையும் தப்பும், அவர் குடும்பமும் தப்பும். வேலையாட்களுக்கு: கோரிக்கையைத் தொழில் திணைக்கள அலுவலகம் மூலம் வேலையாட்கள் நஷ்டஈட்டு ஆணையாளரிடம் முன்வைக்கலாம்.

மாணவர்களுக்கு 2017இல் அறிமுகமான சுரக்ஷா காப்புறுதி இருக்கிறது. பிள்ளை காயப்பட்டால் அதிபரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள். அதிபர் மறந்திருந்தால் ஞாபகப்படுத்துங்கள்.

அக்கரையில் வேறு சட்டம்

இந்தியாவில் ஒரு பயணி ரயிலிலிருந்து தவறி விழுந்தால், ரயில்வேயின் தவறு என்று அவர் நிரூபிக்கத் தேவையில்லை. 1989ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தின் 124ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. தற்கொலை, தானே விளைவித்துக்கொண்ட காயம், குற்றச் செயல், போதை, இயற்கையான நோய் போன்ற சில மட்டுமே விதிவிலக்கு. தொகை அட்டவணையில் இருக்கிறது. மரணத்துக்கு 2017 முதல் 8 இலட்சம் இந்திய ரூபா. சென்னை உட்படப் பல நகரங்களில் இதற்கென்றே ரயில்வே நஷ்டஈட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. ரயிலில் ஏற முயன்றபோது விழுந்து இறந்த கேரளப் பெண்ணின் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்று 2008இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் அவர் பயணியல்ல என்று சொல்ல முடியாது என்று 2018இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. என் மாணவியின் தந்தை விழுந்தது ராமேஸ்வரம் நிலையமாக இருந்திருந்தால் அவரிடம் கேட்கப்படும் கேள்விகளே வேறு.

அந்த ஏற்பாடும் குறையில்லாதது அல்ல. தண்டவாளத்தில் நடந்தவருக்கு அங்கும் அது உதவாது. ஆனால் நஷ்டஈடு கிடைப்பதற்கு முன் ஓர் ஏழைப் பயணி ஒரு திணைக்களத்தின் தவறைத் தோண்டி எடுக்க வேண்டும் என்ற நிலை அங்கு இல்லை. பதுளைப் பாதையில் ஓடும் ரயில்கள் வெளிநாட்டுப் பயணிகளால் நல்ல வருமானம் பெறும் இந்தக் காலத்தில், டிக்கெட்டில் ஒரு சிறு தொகையைச் சேர்த்து இப்படியொரு நிதியை ஏற்படுத்துவது முடியாத காரியமல்ல. ஊவாவிலிருந்து பாராளுமன்றம் போனவர்கள் கட்சி பேதமின்றி இதைப் பேசலாம். ஜனாஸா வீட்டுக்கு அவர்கள் எல்லோரும்தான் வருகிறார்கள்.

யாரிடம் போவது

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்பவர்களுக்காகவே 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சட்ட உதவி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. பதுளையிலும் அதன் நிலையம் இயங்குகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு ஆலோசனையும், தகுதியிருந்தால் வழக்கும் இலவசம். அங்கு வழக்கைப் பொறுப்பேற்க முடியாது என்று சொன்னாலும், அறிவித்தலுக்கான திகதியை ஒருவர் கணக்குப் பார்த்துச் சொன்னாலே பாதி பாரம் குறையும்.

வைத்தியசாலை வார்டிலும் நீதிமன்ற வளவிலும் "நான் எடுத்துத் தருகிறேன்" என்று வருபவர்களிடம் கவனமாக இருங்கள். வெள்ளைத் தாளில் கையொப்பம் வேண்டாம். மூலப் பிரதிகளைக் கொடுக்க வேண்டாம். சட்டத்தரணிக்குக் கொடுக்கும் பணத்துக்குத் துண்டு கேளுங்கள். வழக்குத் தாக்கலானால் அதன் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாக்கல் செய்தாயிற்று என்று சொல்லி, இலக்கம் சொல்லாமல் ஒரு வருடம் கடத்தியவர்களும் உண்டு.

சட்ட உதவி நிலையத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் கிராம சேவகர் கடிதம், பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், மருத்துவ அட்டை, டிக்கெட் அல்லது அதன் படம், சம்பவத்தைக் கண்ட இருவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் கையில் இருக்கட்டும். விபத்து நடந்த திகதியை பைலின் முன் அட்டையில் பெரிதாக எழுதுங்கள். அதற்குக் கீழே, அந்தத் திகதியிலிருந்து இருபத்திரண்டாவது மாதம் எது என்பதையும் எழுதிவிடுங்கள்.